பெஞ்ச்மார்க்ல பறக்குது, லைவ்ல படுத்துக்குது: மல்டி டர்ன் சாட் டேட்டா எப்படி தயார் பண்றீங்க?

திருவான்மியூர்வாசி:
தண்ணி கேன் புக் பண்ற ஆப்புக்கு தமிழ் சாட்பாட் பண்ணிட்டு இருக்கோம். 24 ஜிபி ஜிபியு கார்டு ஒண்ணு, மாடலை ஓட்டற சர்வர் விஎல்எல்எம், மாடல் லாமா 3 8பி. நிஜ சாட்ல கஸ்டமர் அட்ரஸ், போன் நம்பர்லாம் இருக்கறதால அதை டெஸ்டுக்கு தொடக்கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. சரின்னு இன்னொரு மாடலை விட்டு 20 சாட் எழுத வெச்சேன், ஒவ்வொண்ணும் 6 டர்ன் (ஒரு கேள்வி, ஒரு பதில் சேந்தா ஒரு டர்ன்), 8 பேர் ஒரே நேரத்துல பேசற மாதிரி அதையே திரும்ப திரும்ப ஓட்டினேன். பதிலோட முதல் டோக்கன் (வார்த்தைத் துண்டு) கண்ணை மூடி திறக்கறதுக்குள்ள வருது. நேத்து சாயங்காலம் லைவ்ல விட்டா கூட்டம் ஏற ஏற அஞ்சாறு செகண்ட் முழிச்சிட்டு நிக்குது. டேட்டா தப்பா, நான் ஓட்டின விதம் தப்பா?

பெரம்பூர்காரன்:
ரெண்டும் தான் ப்ரோ. படிச்ச டெக்ஸ்டை திரும்ப கணக்கு போடாம இருக்க, ஒவ்வொரு டோக்கனுக்கும் போட்ட கணக்கை மாடல் கார்டு மெமரில எடுத்து வெக்கும், அது தான் கேவி கேஷ். அதுக்கு எவ்ளோ இடம்னு கணக்கு போட்டு பாருங்க. அந்த மாடல்ல 32 லேயர், 8 கேவி ஹெட், ஹெட் சைஸ் 128, 16 பிட்ல வெச்சா டோக்கனுக்கு 128 கேபி. மாடலோட வெயிட்டே (அது கத்துக்கிட்ட எண்கள்) 16 ஜிபி தின்னுடும், கார்டுல 90 சதவீதம் விட்டிருந்தீங்கன்னா கேஷுக்கு மிச்சம் 5 ஜிபி சொச்சம், அதாவது 40,000 டோக்கன் கிட்ட. சாட் ஒண்ணு கடைசியில 1,500 டோக்கன்னு வைங்க, 20 சாட்டும் 30,000ல அடங்கிடுது, ரெண்டாவது ரவுண்டுல இருந்து எல்லாமே ப்ரிஃபிக்ஸ் கேஷ்ல (ஆரம்பம் அப்படியே ஒத்துப்போனா பழைய கணக்கையே எடுத்துக்கறது) இருந்து ஓசியில வருது. லைவ்ல 60 பேர்னா 90,000. ரொம்ப நேரம் தொடாததை தூக்கி போட்டு தான் புதுசுக்கு இடம் குடுக்கும், அப்படி தூக்கி போட்ட ஆளு திரும்ப வந்து "கேன் வர்ல"ன்னு ரெண்டே வார்த்தை அடிச்சாலும் முழு கதையும் முதல்ல இருந்து ப்ரீஃபில், அதாவது எல்லாத்தையும் திரும்ப படிச்சு கணக்கு போட்ட அப்புறம் தான் பதில்.

இன்னொண்ணு, உங்க ஸ்க்ரிப்ட் பதில் வந்ததுமே அடுத்த டர்ன் அனுப்புதா? மனுஷன் அப்படி இல்ல, கிண்டி சிக்னல்ல ஒரு மெசேஜ் அடிச்சிட்டு அடுத்ததை வீட்டு வாசல்ல தான் அடிப்பான். அந்த கேப்ல தான் அவன் கேஷ் காலியாகுது.

லாக்வாசிப்பவன்:
சாட் எழுத மாடலே தேவையில்ல. ப்ராஜெக்ட் மதுரையில (தமிழ் இலக்கிய மின்னூல் தளம்) இருந்து ஒரு பெரிய டெக்ஸ்ட் எடுத்து டோக்கன் கணக்குல வெட்டுங்க. எல்லாருக்கும் பொதுவான முன்பகுதி எவ்ளோ, சாட்டுக்கு சாட் மாறுறது எவ்ளோ, எத்தனை டர்ன், கேள்வி பதில் நீளம், அவ்ளோ தான் வேணும். லைவ் லாக்ல இருந்து நீளத்தை மட்டும் எடுங்க, உள்ள என்ன இருக்குன்னு பாக்கவே வேணாம். சராசரியை வெச்சு எல்லாத்தையும் ஒரே சைஸ்ல வெட்டிடாதீங்க, பாதி பேர் ரெண்டே டர்ன்ல போயிடுவாங்க, நாலு பேர் மட்டும் 20 டர்ன் சண்டை போடுவாங்க. எண்ணும்போது உங்க மாடலோட டோக்கனைசர்ல (டெக்ஸ்டை டோக்கனா வெட்டறது) எண்ணுங்க. "கே"ங்கறதே யூடிஎஃப்-8ல 6 பைட், இங்கிலீஷ் கணக்கை தமிழுக்கு போட்டா கவுத்துடும். பதில் சீக்கிரம் முடியாம இருக்க இஓஎஸ்ஸை ("பதில் முடிஞ்சுது"ன்னு மாடல் போடற டோக்கன்) இக்னோர் பண்ணுங்க.

பெரம்பூர்காரன்:
வெட்டி ஒட்டின டெக்ஸ்ட் ஓகே, ஆனா ஸ்பெகுலேட்டிவ் டிகோடிங் (அடுத்து வர்ற டோக்கன்களை முன்கூட்டியே யூகிச்சு, மாடலை விட்டு சரி பாக்கறது) ஆன்ல இருந்தா அந்த நம்பரை நம்பாதீங்க, எவ்ளோ யூகம் சரியா விழும்ங்கறது டெக்ஸ்டைப் பொறுத்தது. ஹிஸ்டரில நீங்க எழுதி வெச்ச பதிலை சேக்கறீங்களா, சர்வர் குடுத்த பதிலையா? எழுதி வெச்சதுன்னா அந்த பகுதி கேஷோட ஒத்துப்போகாது.

திருவான்மியூர்வாசி:
எழுதி வெச்சது தான், மாத்திட்டேன். ஆனா பெரிய ஓட்டை வேற இடத்துல. லைவ் சிஸ்டம் ப்ராம்ப்ட்டோட (ஒவ்வொரு சாட்டுக்கும் முன்னாடி பாட்டுக்கு போற உத்தரவு) முதல் வரியே "இப்போது நேரம்", செகண்டோட! "இன்னிக்கு சாயங்காலம் வரும்"னு பாட் சொல்றதுக்காக எங்க ஆளு ஒருத்தர் போட்டது. என் டெஸ்ட் டேட்டால அந்த வரியே இல்ல.

லாக்வாசிப்பவன்:
போச்சு போங்க. கேஷை 16 டோக்கன் ப்ளாக் ப்ளாக்கா வெச்சாலும் ஒவ்வொரு ப்ளாக்கோட ஹாஷும் (அதை அடையாளம் கண்டுபிடிக்கற எண்) முந்தினதை வெச்சு தான் வருது, முதல் ப்ளாக் மாறினா மொத்தமும் புதுசு. நேரத்தை கடைசி யூசர் மெசேஜுக்கு தள்ளுங்க, டெஸ்ட்லயும் நிஜ ப்ராம்ப்ட்டை அப்படியே வைங்க.

திருவான்மியூர்வாசி:
தள்ளியாச்சு தல. 60 பேர், திங்க் டைமோட (மெசேஜுக்கு நடுவுல விடற கேப்) ஓட்டினேன். இப்ப முதல் டோக்கன் ரெண்டு செகண்ட் கிட்ட நிக்குது. மிச்சத்துக்கு கேவி கேஷை எஃப்பி8ல (16 பிட்டுக்கு பதிலா 8 பிட்) வெச்சு பாக்கறேன், ராத்திரி நம்பர் போடறேன்.