நிறுவுவதா, அமைப்பதா? 'எஸ்டாபிளிஷ்' குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சட்ட வாசகங்களைத் தமிழாக்கும்போது 'எஸ்டாபிளிஷ்' என்பதற்கு 'நிறுவு', 'கான்ஸ்டிட்யூட்' என்பதற்கு 'அமை' என்று நிலைப்படுத்திவிடலாம் என்பது என் முன்மொழிவு. இரண்டையும் 'ஏற்படுத்து' என்று எழுதிக் கடந்துபோகும் வழக்கத்தை வன்மையாக எதிர்க்கிறேன். சேதத்தையும் குழப்பத்தையும்கூட 'ஏற்படுத்த' முடியும். சட்ட வாசகத்துக்கு அவ்வளவு தளர்ச்சி ஆகாது.

இந்திய அரசியலமைப்பின் 124ஆவது பிரிவைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் பற்றிய அதன் ஆங்கிலத் தலைப்பில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. அது வெறும் அடுக்குச்சொல் அல்ல. உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும் என்பது நிறுவுதல். அதில் தலைமை நீதிபதியும் இத்தனை நீதிபதிகளும் இருப்பர் என்பது அமைத்தல். தலைமை நீதிபதி நீங்கலாக, 1950இல் ஏழாக இருந்த உச்சவரம்பு 2019இல் 33 ஆனது. நீதிமன்றத்தை யாரும் மறுபடி நிறுவவில்லை. அதன் அமைப்புதான் விரிந்தது. 280ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் அதற்கு முன்பே, நிதி ஆணையத்தை அமைக்கிறார். அங்கே 'நிறுவுகிறார்' என்று எழுதிப் பாருங்கள், நெருடும். குழுவை அமைக்கிறோம், அறக்கட்டளையை நிறுவுகிறோம், கட்சியைத் தொடங்குகிறோம். யாரும் சொல்லித்தராமலே பிரித்து வைத்திருக்கிறோம்.

'நிறுவு' ஏற்கெனவே சுமை தாங்குகிறது என்ற மறுப்பு நியாயமானது. கணக்குப் பாடநூலில் 'என நிறுவுக' என்றால் மெய்ப்பிக்க வேண்டும். கணினியில் மென்பொருளை நிறுவுகிறோம். ஆனால் எதை நிறுவுகிறோம் என்பதிலேயே பொருள் தெளிந்துவிடுகிறது. சிக்கல் பெயர்ச்சொல்லில்தான். 'நிறுவனம்' கம்பெனிக்கும் 'நிறுவல்' கணினிக்கும் போய்விட்டன. ஆகவே தலைப்புகளில் 'நிறுவுதலும் அமைத்தலும்' என்று தொழிற்பெயராகவே இருக்கட்டும்.

இலங்கையில் நிறுவுதலுக்குத் 'தாபித்தல்' வழங்குகிறது. 'கார்ப்பரேஷன்' என்பதற்கான 'கூட்டுத்தாபனம்' அங்கே வேரூன்றிய சொல். அதை நாம் மாற்றச் சொல்வது முறையல்ல. 'எடுப்பித்தல்', அதாவது கட்டுவித்தல், பழைய சொல், எனக்கு மிகவும் பிடித்தது. தஞ்சைக் கல்வெட்டில் இராசராசன் 'நாம் எடுப்பிச்ச' என்கிறான். ஆனால் அது கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, உரியது, ஆணையத்துக்கு ஒட்டாது.

இன்னும் முடிவாகாதது அரசியலமைப்பின் 3ஆவது பிரிவில் வரும் 'ஃபார்மேஷன்'. புதிய மாநிலங்களைப் பற்றிய இந்த இடத்தில் 'அமைத்தல்' என்று போட்டால் மேலே பிரித்த இரண்டும் மறுபடி கலந்துவிடும். 'உருவாக்குதல்' என்பதே என் தேர்வு. 2014இல் தெலங்கானா உருவானது என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்? மாற்றுக் கருத்து இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.