பிஏ ஸ்கூல் முதல் வருடம்: படித்து முடிவதே இல்லை, எப்படிச் சமாளித்தீர்கள்?

இரவுப்படிப்பு

வணக்கம். டெக்சாஸில் பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், அதாவது டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்து வைத்தியம் செய்பவர்) படிப்பில் இந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறேன். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் வேதியியல், உயிரியல் எல்லாம் மறுபடி படித்து, ஒரு கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்டாக வேலை பார்த்து, அப்புறம் கிடைத்த இடம் இது, அதனால் விட மனசில்லை. மொத்தம் 27 மாதம். இப்போது வகுப்பறைப் பகுதி ஓடுகிறது. அனாட்டமி, ஃபிசியாலஜி, ஃபார்மகாலஜி, கிளினிக்கல் மெடிசின் எல்லாம் ஒரே நேரத்தில். காலையில் போனால் மாலைவரை வகுப்பு, நூற்றுக்கணக்கில் ஸ்லைடு, எந்த வாரத்திலும் தேர்வு இல்லாமல் இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லா ஸ்லைடையும் ஒருமுறை வாசித்து, முக்கியமானதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடுகிறது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது, தேர்வில் உட்கார்ந்தால் நாலு விடையில் இரண்டு சரியாகப் படுகிறது. போன ஃபார்மகாலஜி தேர்வில் 71. எங்கள் கல்லூரியில் 75க்குக் கீழே போனால் ரெமிடியேஷன், அதாவது மறுபடி படித்து எழுத வேண்டும். வீட்டில் ஆறு வயது மகள், கணவருக்கு ஐடி வேலை, ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது அன்றாடம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'தைரியமா இருங்க' மட்டும் வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது.

ரொட்டேஷன்பையன்

அக்கா, முதலில் அந்த நோட்டு எழுதுவதை நிறுத்துங்கள். நான் இப்போது இரண்டாம் வருடம், ரொட்டேஷனில் (ஒவ்வொரு மருத்துவப் பிரிவாகப் போய்ச் செய்யும் பயிற்சி) இருக்கிறேன், எங்கள் வகுப்பில் அழகாக நோட்டு எழுதியவர்கள்தான் அதிகம் தவித்தார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு உளவியல்காரர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள்: மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள், சிலரை வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதியவர்கள். உங்கள் பிரச்சினை அதேதான், ஸ்லைடைப் பார்த்ததும் தெரிந்த மாதிரி இருப்பது முகம் பழகிவிட்டதால், பாடம் தெரிந்ததால் அல்ல.

அதனால் வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். பிரேக்கியல் பிளெக்சஸ் (கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) என்றால் ஐந்து வேரிலிருந்து ஐந்து நரம்புவரை பார்க்காமல் வரையுங்கள், எங்கே கை நிற்கிறதோ அதை மட்டும் திருப்பிப் பாருங்கள். தெரிந்ததை மறுபடி படிக்காமல் இருப்பதில்தான் நேரம் மிஞ்சும்.

ஃபார்மகாலஜியை மருந்து மருந்தாகப் படித்தால் முடியாது, குடும்பமாகப் பிடியுங்கள். ரத்த அழுத்த மருந்தின் பெயர் 'பிரில்' என்று முடிந்தால் வறட்டு இருமல், பொட்டாசியம் ஏறும், கர்ப்பிணிக்குக் கூடாது, உதடும் நாக்கும் வீங்கினால் உடனே நிறுத்த வேண்டும். 'சார்டான்' கிட்டத்தட்ட அதே வேலை, இருமல் தொல்லை குறைவு. 'ஓலால்' என்றால் பீட்டா பிளாக்கர், இதயத்துடிப்பைக் குறைப்பது, ஆனால் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஆல்பியூட்டெரால் காதுக்கு அப்படிக் கேட்டாலும் நேர் எதிர் வேலை செய்வது, எங்களுக்கு அதில் ஒரு கேள்வி வந்து பாதிப் பேர் விழுந்தார்கள். இதையெல்லாம் ஆன்கியில் (கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஆப்) கார்டாகப் போட்டு, பஸ்ஸிலும் மைக்ரோவேவ் முன்னாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஆர்_இரவுப்பணி

தம்பி சொன்னது சரி, ஆன்கி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கார்டு செய்வதே ஒரு தனி வேலையாகி, படித்த திருப்தியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். உங்களுக்குக் குழந்தை இருக்கிறது, அந்த நேரம் கிடையாது. சீனியர்கள் செய்துவைத்த தொகுப்பை வாங்கி, உங்கள் ஆசிரியர் சொல்லாததை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

நான் அவசரப் பிரிவில் பிஏவாகப் பல வருடமாக இருக்கிறேன். இந்தப் படிப்பின் வேகம் தற்செயலானது இல்லை. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் முதல் வகுப்பைத் தொடங்கியபோது, இரண்டாம் உலகப் போரில் டாக்டர்களை அவசரமாகத் தயார் செய்த முறையைத்தான் மாதிரியாக வைத்தார், வந்து சேர்ந்த நாலு பேரும் கடற்படையில் மருத்துவ வேலை பார்த்தவர்கள். அதாவது ஏற்கெனவே நோயாளியைத் தொட்டுப் பழகியவர்களுக்கான சுருக்கப் படிப்பு. நீங்களும் கிளினிக்கில் வேலை பார்த்தவர், அந்த அனுபவத்தை ஏன் ஓரமாக வைக்கிறீர்கள்? ஒவ்வொரு நோயையும் நீங்கள் பார்த்த ஒரு ஆளின்மேல் ஏற்றிப் படியுங்கள்.

எல்லா வரியும் சமம் இல்லை. நோய் யாருக்கு வரும், என்ன சொல்லிக்கொண்டு வருவார், எந்தப் பரிசோதனை உறுதி செய்யும், முதல் மருந்து என்ன, இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலான கேள்விகளைத் தாண்டிவிடலாம். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி என்றால், திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, சிடி ஆஞ்சியோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. ஈசிஜியில் எஸ்1 க்யூ3 டி3 என்ற அலை வடிவத்தை எல்லாரும் ஆசையாக மனப்பாடம் செய்வார்கள், நிஜத்தில் அதிகம் பார்ப்பது வெறும் வேகமான துடிப்புதான்.

பிஏக்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பான என்சிசிபிஏ தன் தளத்திலேயே பான்ஸ் தேர்வுக்கான (படிப்பு முடிந்ததும் லைசென்ஸுக்காக எழுதுவது) பாடப்பட்டியலை இலவசமாக வைத்திருக்கிறது, அதை அச்செடுத்து மேஜையில் ஒட்டுங்கள். இதயத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு. கடைசியில் நீங்கள் எழுதப்போவது 60 கேள்வி வீதம் ஐந்து பகுதி, மொத்தம் 300, ஐந்து மணி நேரம். 200இலிருந்து 800வரை மதிப்பெண், 350 வந்தால் தேர்ச்சி. லைசென்ஸில் யாரும் அந்த எண்ணை அச்சடிப்பதில்லை. பதினொன்றரைக்கு மேல் படிக்காதீர்கள், அந்த நேரத்தில் உள்ளே போவது காலையில் இருக்காது.

டிபன்பாக்ஸ்_அப்பா

என் மனைவி பிஏ படித்து முடித்தவர், நான் வீட்டைப் பார்த்தவன். உங்கள் பதிவில் படிப்பைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் யார் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே. கணவர் 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று சொல்பவராக இருந்தால் அது போதாது, சொல்வதும் ஞாபகம் வைப்பதும் உங்கள் தலையில்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட ஈமெயில், குழந்தைகள் டாக்டர், பல் டாக்டர் எல்லா இடத்திலும் தொடர்புக்கு என் நம்பரை மாற்றினோம், அதிலேயே பாதிச் சத்தம் அடங்கியது. தேர்வுத் தேதிகள் எல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும், தேர்வுக்கு முந்தின நாள் விருந்தாளி கிடையாது, ஊருக்கு வீடியோ கால் கிடையாது. மாமியார் இருப்பது பெரிய பலம், ஆனால் அவரை உங்கள் கணவர்தான் உட்காரவைத்து விளக்க வேண்டும், நீங்கள் போய்ச் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.

மகளுக்கு ஞாயிறு மாலை முழுதாகக் கொடுத்துவிடுங்கள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கில் உட்கார்வது இரண்டு பக்கமும் வீண்.

இரவுப்படிப்பு

எல்லாருக்கும் நன்றி. ஃபிரிட்ஜ் விஷயத்தை இன்றைக்கே செய்கிறேன், மாமியார் பேச்சு கணவர் பொறுப்பு (இந்தத் திரியை அவருக்கு அனுப்பிவிட்டேன்). அந்த 71 பற்றி இப்போதே ஆசிரியரிடம் போவதா, அடுத்த தேர்வு பார்த்துவிட்டுப் போவதா? போனால் பலவீனமான மாணவி என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று இருக்கிறது.

ஈஆர்_இரவுப்பணி

இந்த வாரமே போங்கள். கேள்வித்தாளைக் காட்டச் சொல்லி, தவறியது எல்லாம் தெரியாததா, அல்லது தெரிந்தும் கேள்வியை அவசரமாக வாசித்ததா என்று பிரித்துப் பாருங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ரெமிடியேஷன் என்பது பெரும்பாலும் மறுபடி படித்து அந்தப் பகுதியில் ஒரு தேர்வு எழுதுவதுதான். பயப்பட வேண்டியது டீசெலரேஷனுக்கு, அடுத்த வருட வகுப்போடு சேர்த்துவிடுவார்கள், நேரமும் பணமும் போகும். அந்த முடிவு எடுக்கும் கூட்டத்தில் உங்களை முன்பே தெரிந்த ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருப்பது நல்லது.

ரொட்டேஷன்பையன்

அப்புறம் ஒன்று அக்கா, அனாட்டமி லேப் தேர்வுக்கு உங்கள் மேஜையில் அறுத்துப் படிக்கும் உடலிலேயே பழகாதீர்கள். நாலைந்து மேஜை சுற்றிப் பாருங்கள், அதே நரம்பு ஒவ்வொரு உடலிலும் வேறு தடிமனில், சில சமயம் வேறு இடத்தில்கூட இருக்கும், தேர்வில் 'இது என்ன' என்று கேட்கக் கொடி குத்துவது எதில் என்று உங்களுக்குத் தெரியாது.