மறு: பயோமார்க்கர் – உயிர்க்குறியா, நோய்காட்டியா?

> உயிர்க்குறியே செறிவான சொல். கீறு, கிறுக்கு, குறி என வேர் தெளிவாக ஓடுகிறது.

மார்பகப் புற்றுநோய்த் துண்டறிக்கையில் பயோமார்க்கருக்கு, அதாவது நோயின் தன்மையையோ உடலின் நிலையையோ அளந்தறிய உதவும் பொருளுக்கு, எந்தத் தமிழ்ச்சொல்லை எழுதுவது என்பதுதான் நம் கேள்வி. மேலே உயிர்க்குறிக்காக எழுதிய பினாங்கு ஐயாவுக்கு வணக்கம். உங்கள் வேராய்வை விரும்பிப் படித்தேன். தனி இழையில் தொடருங்கள். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையிடம் உயிர்க்குறி என்றால் கொம்பும் காலும் எழுதிக் காட்டும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அப்படிச் சொல்வோரும் உண்டு. தவிர, 'குறி'க்குப் பேச்சுவழக்கில் இருக்கும் இன்னொரு பொருள் உங்களுக்குத் தெரியாததல்ல. மார்பகப் பரிசோதனைக்கே கூச்சப்படும் பெண்களின் கையில் கோலாலம்பூர்ச் செந்தூலில் கொடுக்கப்போகும் துண்டறிக்கை இது.

> அப்படியானால் நோய்காட்டி. நாள்காட்டி, திசைகாட்டி போல எவருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். திசுப் பரிசோதனை அறிக்கையில் வரும் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி), ஹெர்2 (புற்றணு வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) மூன்றும் புற்றுநோய் உறுதியான பிறகு, அது எந்த மருந்துக்கு மசியும் என்று சொல்பவை. புற்றணுக்களில் 1 விழுக்காட்டிலேனும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தென்பட்டால் அந்த ஹார்மோனைத் தடுக்கும் தாமொக்சிஃபென் போன்ற மருந்துக்கு வழியுண்டு. ஹெர்2 அளவு 3+ (மிகுதி) என்றால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைக் கொடுக்கலாம். 2+ (ஐயநிலை) என்றால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையும் செய்துதான் முடிவெடுப்பார்கள்.

இரத்தத்தில் பார்க்கும் சிஏ 15-3 என்ற புரதத்தை நோய்காட்டி என்று எழுதினால் ஆபத்தே வரும். கல்லீரல் கோளாறிலும் அது ஏறும். தொடக்கநிலைப் புற்றில் ஏறாமலும் இருக்கும். பரவிவிட்ட நோயில் சிகிச்சை பலிக்கிறதா என்று கவனிக்கத்தான் அது பெரிதும் உதவும். "நோய்காட்டி இயல்பு" என்று படித்த பெண், கட்டி கையில் தட்டுப்பட்டும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஆகவே 'உயிரியல் குறிப்பான்' என்பதே என் முன்மொழிவு. 'ஆன்' ஈறு ஆண்பால் போல ஒலிக்கிறது என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அழிப்பான் என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்கிறார்களே, அக்கா! நீளம்தான் குறை, முதலில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு குறிப்பான் என்றே எழுதலாம். 'நேர்மறை'யையும் (பாசிட்டிவ், அதாவது அந்தக் குறிப்பான் இருக்கிறது என்பது) விளக்காமல் விடக்கூடாது. ஹெர்2 நேர்மறை என்றதும் நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இருப்பார்கள்.

அச்சகம் வெள்ளிக்கிழமை கோப்பைக் கேட்கிறது. இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் குறிப்பானுக்கே இசைந்திருக்கிறார்கள், சிலர் அலுத்துப்போய். நம் குழு மருத்துவர் மட்டும், நோயாளி மருத்துவமனையில் கேட்கப்போவது பயோமார்க்கர்தான், அதையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள் என்று உறுதியாக நிற்கிறார். அவருடைய வாதத்தை மறுக்க இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. வியாழன் இரவுக்குள் யாராவது எழுதுங்கள்.