புதுப்பிப்பு: ஒற்றை இழை ஃபைபரில் லிங்க் வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே: ராணிப்பேட்டை சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் ஆலையில், மெஷின்களின் நெட்வொர்க்கிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ரீடிங் போக வேண்டும், அங்கிருந்து ஒரு பிட்கூட திரும்பக் கூடாது. ஃபைபரில் போக ஓர் இழை, வர ஓர் இழை; போகும் இழையை மட்டும் மாட்டினால் லிங்க் (இணைப்பு) விளக்கே எரியவில்லை.

காரணம் எளிது. அனுப்பும் கன்வெர்ட்டர் (நெட்வொர்க் சிக்னலை ஃபைபருக்கான வெளிச்சமாக மாற்றும் பெட்டி), தன் பெறும் துளையில் வெளிச்சம் விழாவிட்டால், எதிரில் ஆளே இல்லை என்று லிங்கை இறக்கிவிடுகிறது. சிலர் சொன்னபடி மூன்றாவதாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, எந்த நெட்வொர்க்கிலும் சேர்க்காமல், அதிலிருந்து வெறும் வெளிச்சத்தை மட்டும் அந்தத் துளைக்குக் கொடுத்தேன். பச்சை விளக்கு!

அப்புறம்தான் அசல் தலைவலி. டேட்டா அனுப்பும் முறைகளில் டிசிபி பதிலுக்குக் காத்திருக்கும், அதனால் பதில் எதிர்பார்க்காத யூடிபி. எதிர்க் கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கேட்டறியும் ஏஆர்பிக்கும் பதில் வராது. பெறும் கணினியின் மேக் முகவரியை அனுப்பும் பக்கம் கையாலேயே பதித்தேன். சரி, முடிந்தது என்று பார்த்தால் பெரிய ஃபைல்களில் ஓட்டை. இரண்டு நாள் கனெக்டரைத் துடைத்தேன், வீண் வேலை. பெறும் கணினியின் பஃபர் (வரும் டேட்டா காத்திருக்கும் தற்காலிக இடம்) நிரம்பிப் பாக்கெட்டுகள் (டேட்டாவின் சிறு துண்டுகள்) விழுந்திருக்கின்றன. "இன்னொரு தடவை அனுப்பு" என்று கேட்க அதற்கு வாய் ஏது? பஃபரைப் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு ஃபைலையும் மூன்று முறை அனுப்புகிறேன். பாக்கெட்டுக்கு வரிசை எண், ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்க ஷா-256 கைரேகை. பத்து நாளாக ஒன்றும் விடுபடவில்லை.

இப்போது ஆபீஸ்காரர்கள், அப்டேட் ஃபைலை இதே வழியாக உள்ளே அனுப்பலாமா என்கிறார்கள். இழையே இல்லையே சார்!