ஒரே குதிரையில் 4 டிஆர்பி மரபணு வரிசைகள்: மாதிரி கலந்துவிட்டதா?

கேள்வி:
இரண்டு குதிரை இனங்களின் நோயெதிர்ப்பு மரபணு வேறுபாட்டை ஒப்பிட வேண்டும். பிடரிமயிர் வேரிலிருந்து டிஎன்ஏ எடுத்து, டிஆர்பி (DRB) என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் 2-ஆம் எக்ஸானை (புரதத்துக்கான பகுதி) பிசிஆர் மூலம் நகலெடுத்துப் பெருக்கினேன். சாங்கர் முறையில் வரிசையைப் படித்தால் எல்லா மாதிரிகளிலும் இரட்டை உச்சிகள், அதாவது ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள். ஒரு மரபணுவுக்குத் தாய்வழி, தந்தைவழி என இரண்டு பிரதிகள்தானே இருக்க வேண்டும்? ஆனால் குளோன் செய்து (வரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்து) பார்த்தால் ஒரே குதிரையில் 4 வரிசைகள். ஹெட்டிரோசைகோசிட்டியை (இரண்டு பிரதிகளும் வேறுபடும் விலங்குகளின் விகிதம்) எப்படிக் கணக்கிடுவது?

பதில் 1:
கலப்படம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். நோயெதிர்ப்பு மரபணுக்கள் கூட்டமாக இருக்கும் எம்எச்சி பகுதி, குதிரையில் இஎல்ஏ எனப்படும்; அது 20-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் டிஆர்பி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் உண்டு. ஒரே பிரைமர் (பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஜோடி அவற்றையெல்லாம் சேர்த்துப் பெருக்கிவிடும். மூன்று இடங்கள் பெருகினால் ஒரு விலங்கில் 6 வரிசைகள்கூட வரலாம். எந்த வரிசை எந்த இடத்துக்குரியது என்று தெரியாதவரை ஹெட்டிரோசைகோசிட்டியும், மரபணு விகிதங்கள் எதிர்பார்த்தபடி இருக்கின்றனவா என்று பார்க்கும் ஹார்டி-வைன்பெர்க் சோதனையும் பொருளற்றவை.

சந்தேகம் தீர, அதே டிஎன்ஏவைப் பெற்றோர் சோதனைக்கான மைக்ரோசாட்டிலைட்டுகளில் (விலங்குக்கு விலங்கு நீளம் மாறும் டிஎன்ஏ குறியீடுகள்) ஓட்டுங்கள். பல குறியீடுகளில் இரண்டுக்கு மேல் அல்லீல் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) வந்தால்தான் கலப்படம்.

முதலில் இதே பகுதியிலுள்ள டிஆர்ஏ (DRA) என்ற இன்னொரு மரபணுவின் 2-ஆம் எக்ஸானை எடுத்துக்கொள்வது நல்லது. அது ஒரே இடம், சாங்கரே போதும். பெரும்பாலான பாலூட்டிகளில் டிஆர்ஏ கிட்டத்தட்ட மாறுவதே இல்லை; குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றில் மாறுகிறது. இந்தக் குடும்பத்தின் அருமையான விஷயம் இது.

பதில் 2:
டிஆர்பிதான் வேண்டுமென்றால் ஆம்ப்ளிகான் என்ஜிஎஸ்ஸுக்குப் (பிசிஆர் துண்டுகளை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் படிக்கும் முறை) போங்கள். அங்கே பெரிய தொல்லை கைமேரா, அதாவது இரண்டு அல்லீல்கள் ஒட்டிய போலி வரிசை: பிசிஆரின் ஒரு சுழற்சியில் பாதியில் நின்ற இழை, அடுத்த சுழற்சியில் வேறொரு அல்லீலில் ஒட்டி முழுமையாகிவிடும். முன்பாதி ஓர் அல்லீலோடும் பின்பாதி அதே குதிரையின் இன்னொரு அல்லீலோடும் அப்படியே பொருந்தினால் அதைச் சந்தேகியுங்கள். சுழற்சிகளை 25–28க்குள் வையுங்கள், நீட்டிப்பு நேரத்தைக் கூட்டுங்கள், பிழை குறைந்த பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) போடுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் இரண்டு தனித்தனி பிசிஆர். இரண்டிலும் வரும் வரிசையை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தாய், தந்தை, குட்டி மூன்றின் மாதிரியும் கிடைத்தால் விடாதீர்கள். இஎல்ஏ பெரும்பாலும் ஒரே கட்டாகக் கடத்தப்படுவதால், எந்த வரிசைகள் ஒரே ஹாப்லோடைப்பில் (ஒரு பெற்றோரிடமிருந்து சேர்ந்தே வரும் தொகுப்பு) சேர்ந்து வருகின்றன என்று தெரிந்துவிடும். யுஎம்011, சிஓஆர்110, சிஓஆர்112 ஆகிய மைக்ரோசாட்டிலைட்டுகள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன; ஹாப்லோடைப்பைப் பின்தொடர அவை உதவும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. முழு மரபணுத்தொகையையும் சிறு துணுக்குகளாகப் படித்த குறுவரிசைத் தரவும் இருக்கிறது, அதிலிருந்தே எடுக்கலாமா?

பதில் 2:
டிஆர்பிக்கு வேண்டாம். அந்தத் துணுக்குகளைப் பொருத்திப் பார்க்கும் குதிரை மேற்கோள் மரபணுத்தொகையான ஈக்விகேப்3, ட்விலைட் என்ற ஒரே தரோபிரெட் பெண் குதிரையின் டிஎன்ஏவிலிருந்து வந்தது. உங்கள் குதிரையின் அல்லீல் அதிலிருந்து மிகவும் விலகியிருந்தால் துணுக்குகள் ஒட்டாமல் போகும், அல்லது பக்கத்து டிஆர்பியில் போய் ஒட்டும். முதலாவது வேறுபாட்டைக் குறைத்துக் காட்டும், இரண்டாவது பொய்யாகக் கூட்டிக் காட்டும்.