கப்பல் பயணத்தில் குமட்டல்: பையனையும் மாமியாரையும் அழைத்துச் செல்ல எப்படித் தயாராவது?

திருவிடைமருதூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். வரும் அரையாண்டு விடுமுறையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் ஒன்றில் மூன்று இரவுப் பயணம் போகலாம் என்று எங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. இன்னும் முன்பணம் கட்டவில்லை. நானும் கணவரும் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். என் கவலை 8 வயது மகனையும் 66 வயதாகும் மாமியாரையும் பற்றியது. மகனுக்குக் கொடைக்கானல் மலைப்பாதை வேண்டியதில்லை, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் பேருந்தில் போனாலே குத்தாலம் வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணில் அழுத்தம் இருக்கிறதென்று தினமும் சொட்டு மருந்தும் போடுகிறார்.

மேல் தளத்தில் பால்கனி வைத்த அறைதான் காற்றோட்டமாக இருக்கும், வாந்தி வராது என்று முகவர் சொல்கிறார். விலையும் அதற்குத்தான் அதிகம். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டை வாங்கி அனுப்புகிறேன், எல்லோருக்கும் ஆளுக்கொன்று ஒட்டிவிடுங்கள் என்கிறார். கணவரோ, முதலில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலில் ஒருமுறை போய்ப் பார்த்து, பையன் தாங்குகிறானா என்று தெரிந்துகொண்ட பிறகு இதற்குப் பணம் கட்டலாம் என்கிறார். இவற்றில் எது சரி? அப்படியும் குமட்டல் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காரைக்கால், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்:

வணக்கம் அம்மா. அறையைப் பற்றி முகவர் சொல்வது அவருடைய விற்பனைக்கு உதவுமே தவிர உங்கள் பையனுக்கு உதவாது. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தில் துலாவின் இரு முனைகளும் ஏறி இறங்கும்போது அது தாங்கி நிற்கும் இடம் ஏறக்குறைய அசையாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கப்பலும் அப்படித்தான், முகப்பும் பின்பகுதியும் ஒவ்வோர் அலைக்கும் பல அடி ஏறி இறங்க, நடுப்பகுதி அந்த அளவுக்கு ஆடுவதில்லை. பக்கவாட்டில் சாயும்போதும் உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும். ஆகவே நீளவாக்கில் கப்பலின் நடுவிலும், உயரத்தில் நீர்மட்டத்துக்கு அருகிலான கீழ்த்தளங்களிலும் உள்ள அறையே உங்களுக்கு உகந்தது. பெரும்பாலும் அதன் கட்டணமும் குறைவாகவே இருக்கும். தளத்தின் வரைபடத்தை முகவரிடம் கேட்டு வாங்கி, அறை எண்ணை அதில் தேடிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். சன்னல் உள்ள அறை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் படுத்திருக்கும்போதும் தொடுவானம் கண்ணில் படும்.

தொடுவானத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதையும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்திருக்கும் வேறு இரண்டு பைகள் உடல் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்வதையும் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. மூடிய அறைக்குள் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், எதுவும் அசையவில்லை என்று சொல்கிறது. காதோ, ஆடுகிறது என்று சொல்கிறது. இந்த முரண்பாட்டை மூளையால் தீர்க்க முடியாதபோதுதான் கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, முகம் வெளுத்துக் குளிர்ந்த வியர்வை, அதன் பின் குமட்டல் என்று வரிசையாக வருகின்றன. உட்காதின் சமநிலை உறுப்பு அறவே செயலிழந்தவர்களுக்குக் கடல் மயக்கம் வருவதில்லை என்பதிலிருந்தே இதை உணரலாம்.

நாகப்பட்டினம் யோசனையை நான் ஏற்கவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய அந்தச் சேவை சுமார் 60 கடல் மைல் தூரத்தை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடக்கிறது, கடவுச்சீட்டும் வேண்டும். அது சிறிய கலம். பாக் நீரிணையும் ஆழம் குறைந்த கடல் என்பதால், காற்று வீசினால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். 200 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலின் ஆட்டம் வேறு வகையானது. மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் நிகழும் மேல்கீழ் அசைவுதான் மனிதர்களை மிக எளிதாகக் குமட்ட வைக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. அந்தச் சிறிய கலத்தில் வாந்தி எடுத்தால் வீணாகப் பயந்துவிடுவீர்கள். எடுக்காவிட்டால் வீணாகத் துணிந்துவிடுவீர்கள். யாழ்ப்பாணம் பார்ப்பதற்காகப் போங்கள், பரீட்சைக்காகப் போக வேண்டாம்.

பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் இருக்கும். அவை பக்கவாட்டுச் சாய்வை வெகுவாகக் குறைக்கும். முன்பின் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. நிலைநிறுத்தி இருப்பதால் ஆட்டமே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மன்னார்குடி மருந்தாளுநர்:

சகோதரிக்கு வணக்கம். பட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதை எழுதுகிறேன். அந்தப் பட்டையில் இருப்பது ஹையோசின் என்ற மருந்து. ஸ்கோபோலமின் என்றும் சொல்வார்கள். பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்யும், பயணத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பாவது ஒட்டினால் மூன்று நாள் வரை தாங்கும். ஆனால் உங்கள் வீட்டில் அதை ஒட்டக்கூடாத இருவர் இருக்கிறார்கள். ஒருவர் உங்கள் மகன், ஏனென்றால் அது குழந்தைகளுக்கானதல்ல. மற்றவர் மாமியார். கண் அழுத்த நோயில் கோணம் திறந்த வகை, கோணம் குறுகிய வகை என்று இரண்டு உண்டு. இரண்டாம் வகையினருக்கு இம்மருந்து கண்பாவையை விரித்து அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும்; கடும் கண்வலியும் பார்வை மங்கலும் வந்து, நடுக்கடலில் கண் மருத்துவர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வயதானவர்களுக்கு இம்மருந்தால் குழப்பமும் உளறலும் வருவதுண்டு. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. நீங்களோ கணவரோ ஒட்டிக்கொள்வதென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒட்டுங்கள், ஒட்டிய கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்பாவை விரிந்து பார்வை மங்கும்.

நம் ஊரில் பேருந்து வாந்திக்குப் பரவலாக விற்கும் அவோமின் மாத்திரையில் இருப்பது புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மில்லிகிராம். முந்தின இரவு படுக்கப்போகும்போதோ புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்போ போட வேண்டிய மருந்து இது. கப்பல் ஆடத் தொடங்கி வாந்தியும் வந்த பிறகு விழுங்கினால் மாத்திரை வயிற்றில் தங்குவதே அரிது. கடையில் என்னிடம் வந்து, மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று குறைப்படுபவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பேருந்து பாதி வழி போன பிறகு என்பதே பதிலாக இருக்கும். மகனுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைக் குழந்தை மருத்துவர் அவன் எடையைப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தரவே கூடாது. தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால், பயணத்துக்கு முன்னொரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறான் என்று பார்த்துக்கொள்வது நல்லது. சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாக எரிச்சலோடு துள்ளுவார்கள். புரோமெத்தசினுக்கும் கண் அழுத்தத்தை ஏற்றும் குணம் ஓரளவு உண்டு. எனவே மாமியாருக்கு எந்த மாத்திரை என்றாலும் அவர் சொட்டு மருந்து வாங்கும் கண் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பொதுவான வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் ஆகியவை இந்த வகைக் குமட்டலுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சளிக்குப் போடும் தூக்கம் வராத செட்டிரிசின் வகைகளும் அப்படியே. இஞ்சியால் சிலருக்கு ஓரளவு பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. இஞ்சி மரப்பா கையில் இருந்தால் கெடுதல் இல்லை. மணிக்கட்டில் அழுத்தும் பட்டைகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அக்கரைப்பேட்டை மீனவர்:

வணக்கம் அக்கா. பெரியவர்கள் இருவரும் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மாத்திரை மட்டும் எங்களுக்கு ஆகாது, ஏனென்றால் வலை இழுக்கும் நேரத்தில் கண் சொக்கினால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் பயணிகள், தூங்கினால் நட்டமில்லை.

முதல்முறை கடலுக்கு வரும் பையன்கள் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், போய் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும், இயந்திரத்தின் பக்கம் உட்கார்ந்தால் டீசல் புகையே வயிற்றைப் புரட்டிவிடும். அதனால் அவர்களைப் படகின் நடுவில், காற்று வரும் பக்கமாக உட்கார வைத்து, நாகூர் தர்காவின் பெரிய மினாரா தெரியும் வரை அதையே பார்த்துக்கொண்டு வரச் சொல்வோம். அது மறைந்த பிறகு கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்வோம். படகில் குனிந்து வலையின் சிக்கெடுக்கிற வேலையை அன்று அவர்களுக்குத் தரமாட்டோம். கப்பலில் உங்கள் பையனுக்குக் கைப்பேசி விளையாட்டும் அதே வேலைதான், அதைக் கொடுக்காதீர்கள்.

வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று சிலர் நினைப்பது தவறு. காய்ந்த வயிறு இன்னும் மோசமாகப் புரட்டும். எண்ணெய்ப் பலகாரமும் மசாலாவும் இல்லாமல், இட்லி, மோர் சாதம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுப் போவதே சரி. கப்பலில் விதவிதமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். முதல் நாள் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் அடக்க வேண்டாம், ஆனால் கைப்பிடிக் கம்பிக்கு மேல் எட்டிக் குனிய யாரையும் விடாதீர்கள், பையில் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை ஒவ்வொரு மடக்காகக் கொடுங்கள்.

பயண நாளையும் ஒருமுறை யோசியுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்றும் புயலுமாக வங்கக்கடல் முரட்டுத்தனமாக இருக்கும். அரையாண்டு விடுமுறை அந்தக் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. மாசி, பங்குனியில் கடல் தணிந்திருக்கும். பழக்கம் என்பதும் ஓரளவுக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போகும்போது, பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர்களிலும் சிலருக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கும். யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

திருவிடைமருதூர் வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. பயணத்தை முழுஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஏப்ரலுக்குத் தள்ளிவைத்து, கீழ்த்தளத்தில் நடுவில் சன்னல் உள்ள அறையாகக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். பட்டை அனுப்ப வேண்டாம் என்று நாத்தனாருக்கும் சொல்லிவிட்டேன். மாமியாருக்குக் கண் மருத்துவர் மாத்திரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு என்னதான் வழி? கப்பலில் மருத்துவர் இருப்பார் அல்லவா? இறங்கிய பிறகும் தரை ஆடுவது போலவே இருக்கும் என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா?

மன்னார்குடி மருந்தாளுநர்:

மருத்துவரும் சிறு மருத்துவ அறையும் இருக்கும், ஊசியும் போடுவார்கள், கட்டணம் தனி. மாமியாரின் கண் நோயை ஊசி போடுவதற்கு முன்பே அவரிடம் சொல்ல வேண்டும். எனவே கண் மருத்துவரின் சீட்டையும் சொட்டு மருந்தின் பெயரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர் வயதில் கடல் மயக்கம் குழந்தைகளைவிடக் குறைவாகவே வரும் என்பது ஆறுதலான செய்தி. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரைதான் இதன் தொல்லை மிக அதிகம். மாத்திரை இல்லாமலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதும் மல்லாந்து படுத்துத் தலையை அசைக்காமல் கண்ணை மூடிக்கொண்டால், முரண்படும் தகவலில் பாதி நின்றுவிடும். அவருக்கு உண்மையான ஆபத்து சர்க்கரை மாத்திரைதான். வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமலோ வாந்தி எடுத்தோ படுத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் அதையும் கடல் மயக்கம் என்று விட்டுவிடாமல் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை அவருடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாந்தியோடு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் அது கடல் மயக்கம் அல்ல. கப்பல்களில் நோரோ வைரஸ் என்ற வயிற்றுத் தொற்று வேகமாகப் பரவக்கூடியது. உடனே மருத்துவ அறைக்குச் சொல்லிவிட்டு அறையிலேயே இருக்க வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் சானிடைசர் திரவத்துக்கு அந்தக் கிருமி எளிதில் அடங்குவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவற்றை இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள்.

காரைக்கால், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்:

தரை ஆடுவது உண்மைதான் அம்மா, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. மூளை கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிவிட்டு, அதை விட மனமில்லாமல் சற்று நேரம் தொடர்கிறது, அவ்வளவுதான். குளிக்கும்போது கண்ணை மூடினால் நன்றாகத் தெரியும்; மாமியாரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறங்கிய அன்றே உங்கள் கணவர் சென்னையிலிருந்து ஊர் வரை காரை ஓட்டி வருவதாகத் திட்டம் இருந்தால், குறிப்பாக அவர் மாத்திரை போட்டிருந்தால், அதை மாற்றி இரவு ரயிலுக்குச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.