பாண்டிங்: தமிழில் என்ன சொல்வது? (நீச்சல் குள பம்பு, அவசரம்)

மொழிமாற்றி:
வணக்கம். அமெரிக்காவில் எழுதிய நீச்சல் குள பம்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். கிரவுண்டிங்குக்கு (நம் ஊர் எர்த்) ஒரு பத்தி, பாண்டிங்குக்கு (உலோகப் பாகங்களைக் கம்பியால் ஒன்றோடொன்று சேர்ப்பது) அடுத்த பத்தி. ஒன்றைச் செய்ததால் மற்றதை விட்டுவிடாதே என்று கட்டம் கட்டி எச்சரிக்கை வேறு. முதலாவதற்குப் 'புவித்தொடுப்பு' என்று போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு?

பழையவன்:
'தளை' இருக்க ஏன் ஊரெல்லாம் தேட வேண்டும்? சீரும் சீரும் சேர்ந்தால் தளை. இரும்பும் செம்பும் சேர்ந்தாலும் அதுவே. 'மின்தளை' என்று போடுங்கள். தொல்காப்பியர் தளையைத் தனி உறுப்பாக எண்ணவில்லையே என்று யாராவது கிளம்புவீர்கள், அதற்குத் தனி மடல் எழுதுகிறேன். இன்னொன்று: 'ஆர்த்தல்' என்றால் கட்டுதல். நம் எலெக்ட்ரீஷியன் வாயில் வரும் 'எர்த்' அந்த 'ஆர்த்து'தானோ என்று எனக்கு நெடுநாள் ஐயம்.

கொங்கன்:
ஆர்த்தலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டதற்கு ஒரு கும்பிடு. தளை என்றால் ஜனங்களுக்கு அடிமைத்தளைதான் தெரியும். அப்புறம் அந்தப் புவித்தொடுப்பு. எங்கள் பக்கம் 'தொடுப்பு' என்றால் வீட்டுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது. மோட்டாருக்கும் பூமிக்கும் அப்படி என்ன சங்கதி என்று கேட்பார்கள்.

வடமராட்சியான்:
நாங்கள் பாடசாலையில் புவித்தொடுப்பு என்றுதான் படித்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. உங்கள் ஊர்ப் பேச்சுக்காக எங்கள் பாடநூலைத் திருத்த முடியாது. அது நீச்சல் தடாகம் என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

கொங்கன்:
தடாகமோ குளமோ, நான் பம்பு ரூம் வேலை பார்க்கிறவன். சொல்லைத் தேடும் முன் கம்பியைப் பாருங்கள்.

எர்த் கம்பி மோட்டாரின் கனெக்‌ஷன் பெட்டிக்குள் பச்சைத் திருகில் உட்காரும். அங்கிருந்து போர்டு வரை போகும். பாடியில் கரண்ட் இறங்கினால் அது திரும்பிப் போக வழி விட்டு, பிரேக்கரைத் தட்டிவிடுவது அதன் வேலை. பாண்டிங் கம்பி அந்தப் பெட்டிக்குள் போகவே போகாது. மோட்டாரின் வெளிப் பாடியில் அதற்கென்றே தனியாக ஒரு லக் (கம்பியைத் திருகி இறுக்கும் உலோகப் பிடி) இருக்கும். அதிலிருந்து ஒற்றை இழைச் செம்புக் கம்பி (அமெரிக்கக் கணக்கில் 8 கேஜ், நம் கணக்கில் 8 சதுர மி.மீ.க்குச் சற்று மேல்) புறப்பட்டு, குளத்துக் கான்கிரீட்டின் உள்கம்பி, ஏணி, கைப்பிடி, உலோக விளக்குக் கூடு, கரையைச் சுற்றி 3 அடி அகலத் தரை என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்க்கும். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 680ஆம் பிரிவு கேட்பது இதைத்தான்.

இனிதான் விஷயம். இந்தக் கம்பியைப் போர்டு வரையோ எர்த் குழி வரையோ இழுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. கரண்டை மண்ணுக்கு அனுப்புவது இதன் வேலையே இல்லை. வெளியே நியூட்ரல் கெட்டு எர்த் கம்பியிலேயே சில வோல்ட் ஏறி வந்தால், ஏணியும் தண்ணீரும் ஈரத் தரையும் சேர்ந்தே ஏற வேண்டும். அப்போது ஈரக் கையோடு ஏணியைப் பிடிப்பவனுக்குக் கையிலும் காலிலும் ஒரே மின்னழுத்தம், உடம்பு வழியாகக் கரண்ட் ஓடாது. ஒற்றைக் கம்பியில் உட்காரும் காக்கையின் கதைதான். ஆக, புவி, நிலம், தரை என்று எதை ஒட்டினாலும் படிக்கிறவன் கம்பியைக் கொண்டுபோய் எர்த் குழியில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

ஆசிரியை:
இது உதவியது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 'சம மின்னழுத்தப் பரப்பு' உண்டு. அதையொட்டி 'சம மின்னழுத்தப் பிணைப்பு' எனலாம். மாணவர்களுக்கு உடனே பிடிபடும்.

செந்நா:
'சம' வடசொல். 'நிகர்ப்பிணைப்பு' இருக்கிறதே.

பழையவன்:
வள்ளுவரே 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்கிறார். அவரைவிடவா?

செந்நா:
அவர் பம்புக்குச் சொல்லவில்லை. மேலும் அது 'சமன்'. 'சம' என்று அவர் எங்கே சொன்னார்?

(இதைத் தொடர்ந்து வந்த 'சமன்' மடல்களைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். – மட்டுறுத்துநர்)

மொழிமாற்றி:
நாளை வெள்ளி. சம மின்னழுத்தப் பிணைப்பு சரியான சொல். ஆனால் மோட்டாரில் ஒட்டும் ஸ்டிக்கரின் அகலம் இரண்டு விரல்.

வடமராட்சியான்:
பிணைப்பு என்றால் வேதியியலில் அயனிப் பிணைப்பு. பிணை என்றால் நீதிமன்றம். குழப்பாதா?

ஆசிரியை:
வேதியியல்காரர் குளத்துக்கு வந்தால் குளோரினைத்தான் பார்ப்பார். குழப்பாது.

கொங்கன்:
'சமப்பிணைப்பு' என்று சுருக்குங்கள். பக்கத்தில் 'பாண்டிங்' என்றும் போடுங்கள். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் லக் எடுத்துக் கொடுப்பான்.

மொழிமாற்றி:
நான்கு பேர் சரி என்கிறார்கள், செந்நா இல்லை என்கிறார். 'எர்த் இணைப்பு', 'சமப்பிணைப்பு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். இலங்கைப் பதிப்பில் முதலாவது புவித்தொடுப்பாகவே இருக்கும். எல்லோருக்கும் நன்றி.

செந்நா:
அனுப்பியாயிற்றா? சமபக்கம், சமதளம், சமபந்தி எதிலும் ஒற்று மிகவில்லை. இதில் மட்டும் 'ப்' எங்கிருந்து வந்தது?

ஆசிரியை:
வேதியியலின் சகப்பிணைப்பில் மிகுகிறதே.

செந்நா:
அதுவும் பிழைதான்.